அக்குள் அலர்ஜி: குழியா, மடிப்பா, உள்ளே நெறியா?

மருந்துக்கடையில் "அக்குள்ல அலர்ஜி, கொஞ்சம் வீங்கியும் இருக்கு" என்று சொன்னால் போதும். ஒரு செட்ரிசின் அட்டையும், மூன்று மருந்து கலந்த ஆயின்மென்ட் ஒன்றும் கைக்கு வந்துவிடும். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். அக்குள் ஒரே இடம் போலத் தோன்றினாலும், பார்க்கத் தெரிந்தவருக்கு அது மூன்று இடம். முடி முளைக்கும் நடுக்குழி ஒன்று. மார்புப் பக்கமும் முதுகுப் பக்கமும் சுவர் போல நிற்கும் மடிப்புகள் இன்னொன்று. தோலுக்கு அடியில் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், மூன்றாவது. தொல்லை இதில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால், காரணத்தில் பெரும்பகுதியைச் சொன்ன மாதிரிதான்.

பகல் வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று, உள்ளங்கையைப் பின்னந்தலையில் வைத்துப் பாருங்கள். நடுக்குழி முழுக்கச் சிவந்து, மடிப்புகள் ஓரளவு தப்பியிருந்தால், பூசிய பொருள்மேல்தான் முதல் சந்தேகம்: ரோல்-ஆன், பாடி ஸ்ப்ரே, முடி நீக்கும் கிரீம், பவுடர். குழி சுத்தமாக இருக்க, முன்மடிப்பிலும் பின்மடிப்பிலும் பிறை வடிவில் தடிப்பு இருந்தால் குற்றவாளி துணி. காரணம் எளிது. உடுப்பு குழிக்குள் போய்ப் படிவதில்லை. ஆர்ம்ஹோல் தையல் மடிப்புகளைத்தான் நாள் முழுக்கத் தேய்க்கிறது. அந்த இடத்தில் வியர்வை ஊறும்போது துணியிலுள்ள சாயம் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது.

சாயம் என்றாலும் எல்லாச் சாயமும் இல்லை. பாலியெஸ்டர், அசிடேட் போன்ற செயற்கை இழைகளுக்குப் போடும் 'டிஸ்பர்ஸ்' வகைச் சாயங்கள்தான் முக்கியமானவை. அவை இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டுவதில்லை, இழைக்குள் கரைந்து உட்கார்ந்திருக்கும். அதனால் கழன்றுவரவும் செய்யும். டிஸ்பர்ஸ் புளூ 106, டிஸ்பர்ஸ் புளூ 124 என்ற இரண்டும் இந்த விஷயத்தில் பேர்போனவை. கறுப்பு, கருநீலம், சில பச்சை, ஊதா நிறங்களிலும் கலந்திருக்கும். ஆகவே அடர்நிற சுடிதார் டாப், இறுக்கமான ஜாக்கெட்டின் செயற்கை லைனிங், ஜிம் பனியன் இவற்றை முதலில் சந்தேகிக்கலாம். ஜாக்கெட் துணி பருத்தியாக இருந்து உள்ளே கொடுத்த லைனிங் மட்டும் பாலியெஸ்டராக இருப்பது சாதாரணம். "நான் காட்டன்தானே போடுறேன்" என்று சொல்பவர்கள் லைனிங்கைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சுருக்கம் விழாத துணிகளில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் இருக்கும். அதுவும் இதே மடிப்பில்தான் வேலையைக் காட்டும். புதுத்துணியைத் துவைத்துவிட்டு உடுத்தினால் மேலே ஒட்டியிருக்கும் உபரிச் சாயமும் பிசினும் ஓரளவு போகும். ஆனால் சாயத்துக்கு ஏற்கெனவே அலர்ஜி வந்தவருக்கு அந்த உடுப்பைப் பத்து முறை துவைத்தாலும் பயனில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவதே நல்லது.

இனி குழிக்கு வருவோம். டியோடரன்ட்டில் பெரும்பாலும் அலர்ஜி தருவது வாசனைப் பொருள். லேபிளில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒற்றைச் சொல்லாக நிற்பதற்குள் பல டஜன் பொருட்கள் ஒளிந்திருக்கலாம். சினமால், யூஜினால், ஐசோயூஜினால், ஜெரானியால், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் ஆகியவை தோல் பரிசோதனையில் அடிக்கடி மாட்டுகிறவை. யூஜினால் வேறொன்றுமில்லை, கிராம்பு எண்ணெயின் சாரம். அதனால் 'இயற்கை எண்ணெய்கள் மட்டும்' என்ற லேபிள் இங்கே எந்த உத்தரவாதமும் தராது. லிமோனீன், லினலூல் இரண்டும் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் அதிகம் தொல்லை தரும். இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கும் பாட்டில் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'அன்சென்ட்டட்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் வாசனைப் பொருள் சேர்ப்பார்கள். தேட வேண்டிய சொல் 'ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ'.

வாசனைக்கு அடுத்து, கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால். அதற்கும் அடுத்து, ஈரத் துடைப்பான்களிலும் சில லிக்விட் சோப்புகளிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன். தோலில் பூசி அப்படியே விடும் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே தடை போட்டுவிட்டது. அலுமினிய உப்புகளுக்கு உண்மையான அலர்ஜி அபூர்வம். அவை செய்வது எரிச்சல். ஈரத் தோலில் அலுமினியம் குளோரைடு பட்டால் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அதனால்தான் அதிக வியர்வைக்குத் தரும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை, குளித்தவுடன் பூசாமல், இரவில் நன்றாகக் காய்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவச் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. 'அலுமினியமே இல்லாத இயற்கை முறை' என்று சிலர் படிகாரக் கல்லைத் தேய்ப்பார்கள். படிகாரமே அலுமினிய உப்புதான்.

எரிச்சலும் அலர்ஜியும் வெவ்வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலச் சிவந்திருக்கும். நேரம்தான் பிரித்துக் காட்டும். எரிச்சல் என்பது அந்தப் பொருள் தோலை நேரடியாகப் புண்ணாக்குவது. யாருக்கும் வரலாம், முதல் தடவையே வரலாம், நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும், அரிப்பைவிட எரிவும் காந்தலும் அதிகம். தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். 5-ஐ ஒட்டியது. சமையல் சோடா 8-க்கு மேல். வீட்டில் சோடாவும் தேங்காய் எண்ணெயும் கலந்து டியோடரன்ட் செய்பவர்களுக்குச் சில வாரத்தில் குழி கறுத்துப்போவதன் காரணம் அதுதான். முடி நீக்கும் கிரீம் 11, 12 வரை போகும். முடியின் புரதப் பிணைப்பை உடைக்கும் தயோகிளைக்கோலேட்டுக்கு மேல்தோலும் அதே புரதம்தான். டியூபில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைத் தாண்டக் கூடாது. சிரைத்த அன்றோ கிரீம் போட்ட அன்றோ ரோல்-ஆன் வேண்டாம், ஒரு நாள் விட்டுப் போடுங்கள். கறுப்பு போக எலுமிச்சை தேய்ப்பது இன்னொரு வம்பு. அமிலம் புண்ணாக்கும், புண் ஆறும்போது இன்னும் கறுக்கும்.

அலர்ஜி நிதானமாக வரும். பொருள் பட்டு 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அரிப்பு, சிறு கொப்புளம், நீர்க்கசிவு. ஞாயிற்றுக்கிழமை போட்டதற்குச் செவ்வாய்க்கிழமை அரிக்கும். பழியை செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் சுமக்கும். "பத்து வருஷமா இதே சென்ட்தானே" என்பதும் வாதமாகாது. இந்த வகை அலர்ஜி பழகிய பொருளுக்குத்தான் வரும். அது உருவாகும் விதத்தைப் பார்த்தால் அக்குளின் மூன்றாவது அடுக்கும் புரியும். தோலில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்நிய மூலக்கூறைப் பிடித்து, நிணநீர்க் குழாய் வழியாக அக்குள் நெறிக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அதை அடையாளம் கற்றுக்கொண்டு பெருகுகின்றன. இதற்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள். அதன் பிறகு ஆயுள் முழுக்க மறக்காது. தோலில் தெரியும் அலர்ஜிக்குப் பள்ளிக்கூடம் நெறி. ஆகவே அக்குளிலோ கையிலோ நாள்பட்ட கரப்பான் இருந்தால், நெறி லேசாகப் பெருத்து ரப்பர் போலத் தட்டுப்படுவது இயல்பு. தோல் ஆறினால் அதுவும் சில வாரங்களில் அடங்கும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். "நூறு அலர்ஜிக்கு ஒரே ரத்தம்" என்று விற்கும் பேனல்கள் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதத்தை அளப்பவை. தொடு அலர்ஜி டி-செல் சமாச்சாரம், அதில் தெரியவே தெரியாது. இதற்கான சோதனை பேட்ச் டெஸ்ட். சிறு கிண்ணிகளில் அலர்ஜி தரக்கூடிய பொருட்களை வைத்து மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டால் பாதிப் பரிசோதனைதான் நடந்திருக்கிறது, ஏனென்றால் தாமதமாக எழும்பும் பொருட்கள் பல உண்டு. அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யக் கூடாது. ஸ்டெராய்டு மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. போகும்போது சந்தேகப் பொருட்களையும், துணியானால் ஆர்ம்ஹோல் பகுதியில் வெட்டிய ஒரு துண்டையும் கொண்டுபோங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூசிவிட்டுக் கழுவாத பொருள் என்றால், முழங்கை உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 14 நாள் வரை தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அன்றே நிறுத்திவிடலாம், விடை கிடைத்துவிட்டது. ஒரு தடவை காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்பது சோதனை ஆகாது. சோப்பு, ஷாம்பு, முடி நீக்கும் கிரீம் இவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது, எல்லாருக்கும் புண்ணாகும்.

வைத்தியத்தில் முதல் படி எல்லாவற்றையும் நிறுத்துவது. வெறும் தண்ணீர், தளர்வான பருத்தி, எரிந்தால் குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிடம். மருத்துவர் சொன்னால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது டெசோனைடு போன்ற மென்மையான ஸ்டெராய்டு, ஐந்திலிருந்து ஏழு நாள். அளவு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குக் காணும். ஒரு அக்குளுக்கு அதில் பாதி. வீரியமான ஸ்டெராய்டை இங்கே போடக் கூடாததன் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-ல் அளந்தபோது, முன்கையைவிட அக்குளில் ஹைட்ரோகார்ட்டிசோன் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக உள்ளே போனது. போதாததற்கு அது மடிந்து மூடியிருக்கும் இடம். குளோபெட்டசால் கலந்த கலவை ஆயின்மென்ட்டைச் சில வாரம் தடவினால் தோல் காகிதமாக மெலிந்து, பிரசவக் கோடு போலச் சிவந்த கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மறைவதில்லை. மேல்பூச்சு ஸ்டெராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ல் பட்டியலில் சேர்த்தது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

அலர்ஜி அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கு, ஸ்டெராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. முதல் சில நாள் காந்தும், பயந்து நிறுத்திவிடுவார்கள். செட்ரிசின் தொடு அலர்ஜிக்குப் பெரிதாக உதவாது, தூக்கம் வரும், அவ்வளவே. அது வேலை செய்வது காணாக்கடிக்கு. காணாக்கடித் தடிப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து வேறிடத்தில் எழும்பும். பேனாவால் ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு மறுநாள் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தோடு உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ மாத்திரை தேடாமல் 108. அங்கே தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

புண்ணாகிவிட்டதே என்று ஆன்டிபயாடிக் களிம்பு தடவுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நியோமைசின், ஃப்ராமைசெட்டின், நைட்ரோஃபுரசோன் மூன்றுமே அலர்ஜி தருவதில் பெயர் வாங்கியவை. வைத்தியமே நோயாகி, தடவத் தடவப் பரவும். அரைத்த மஞ்சளுக்கும் அலர்ஜி உண்டு. பூண்டு வைத்துக் கட்டினால் தோல் வெந்தே போகும்.

இதுவரை சொன்னது அலர்ஜி. அலர்ஜி என்ற பெயரில் வருவதில் நிறைய வேறு. ஓரம் மேடாகி, செதிலோடு வட்டமாக விரிந்து, நடு ஆறிக்கொண்டு வந்தால் படர்தாமரை. ஸ்டெராய்டு கலவை தடவியிருந்தால் வட்டமே கலைந்து, அடையாளம் தெரியாமல் பரவியிருக்கும். குழி பளபளவென்று சிவந்து, ஓரத்தைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் சிதறியிருந்தால் கேண்டிடா என்ற பூஞ்சை, ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். அரிப்பில்லாமல் பழுப்பாகத் திட்டு படிந்திருந்தால் எரித்ராஸ்மா, அது பாக்டீரியா. இரவில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு, விரலிடுக்கிலும் பொரிகள் என்றால் சிரங்கு. ஆண்களுக்கு விரைப்பையிலும், அக்குளிலும் கெட்டியான அரிக்கும் முடிச்சுகளாகவே சிரங்கு நிற்கும். 5 சதவீத பெர்மெத்ரினை கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, இரவெல்லாம் விட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி; வீட்டில் எல்லாரும் ஒரே நாளில். அரிக்கும் ஆள் மட்டும் பூசினால் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். ஆன்டிபயாடிக் போன்ற மாத்திரை சாப்பிட்டு ஓரிரு நாளில் இரண்டு அக்குளும் தொடையிடுக்கும் ஒரே அச்சாகச் சிவந்தால், தொட்ட பொருளைத் தேடாமல் மாத்திரைச் சீட்டைத் தேடுங்கள். அமாக்ஸிசிலின் அதில் முதல் பெயர்.

இனி வீக்கம். தோலே உப்பியிருக்கிறதா, தோலில் கட்டி இருக்கிறதா, தோலுக்குக் கீழே தனியாக உருள்கிறதா? விரலால் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கட்டி தோலோடு எழுந்து வந்தால் முடிக்கால் சம்பந்தப்பட்டது: வேனல் கட்டி, சீழ்க்கட்டி. வெதுவெதுப்பான ஒத்தடம் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை, பிதுக்கக் கூடாது, சுண்ணாம்பு தடவக் கூடாது, அது காரம், சுட்டுவிடும். காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஒரே அக்குளில் ஆறு மாதத்தில் இரண்டு மூன்று முறை கட்டி வந்து, உடைந்து, வடுவும் புரையும் விட்டுப்போகிறது, தொடையிடுக்கிலும் வருகிறது, இரட்டைத் தலைக் கரும்புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது ஹைட்ராடினைட்டிஸ் சப்புரேட்டிவா. சுத்தக்குறைவால் வருவதில்லை, சென்ட்டால் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. முடிக்கால் அடைத்து உள்ளே வெடிக்கும் அழற்சி நோய். ஒவ்வொரு தடவையும் கீறிச் சீழ் எடுப்பது தற்காலிகம்தான். புகையும் உடல் எடையும் இதை மோசமாக்கும். இது ஆண்டுக்கணக்கில் 'சூட்டுக் கட்டி' என்றே ஓடிக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

தோல் தனியாக நகர, கீழே உருண்டால் நெறி. தடவிப் பார்க்கும்போது கையைத் தூக்கினால் தசைநார் விறைத்து ஒன்றும் அகப்படாது. உட்கார்ந்து, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, மறுகை விரல்களைக் குழியின் உச்சிவரை கொண்டுபோய், மார்புக் கூட்டோடு அழுத்தி மெல்லக் கீழே இழுங்கள். ஒவ்வொரு அக்குளிலும் 20-க்கு மேல் நெறிகள் உண்டு. விரல் நுனி முதல் தோள் வரை, மார்பகம், தொப்புளுக்கு மேல் உடம்புச் சுவர், மேல்முதுகு, எல்லாவற்றின் கழிவு நிணநீரும் இங்கேதான் வருகிறது. எனவே நெறி கட்டினால் முதலில் பார்க்க வேண்டியது நகக்கண். நகச்சுற்று, வெட்டுக்காயம், பூனைக் கீறல் (ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தும் கட்டும்), அந்தக் கையில் போட்ட தடுப்பூசி. இந்தியாவில் பி.சி.ஜி. பிறந்தவுடன் இடது தோளில் போடுவதால், குழந்தைக்கு இடது அக்குளில் மட்டும் நெறி தட்டுப்படுவது உண்டு. சிறிதாக, சிவக்காமல் இருந்தால் சும்மா விடலாம், மிருதுவாகிச் சீழ் கோத்தால் காட்ட வேண்டும்.

காய்ச்சலோடு நெறி கட்டினால் அக்குளை இன்னொரு தடவை பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பக்கு, சுற்றிச் சிவப்பு, வலியோ அரிப்போ இல்லாமல் இருக்கிறதா? ஸ்க்ரப் டைபஸ். புதரில், வயலில், தோட்டத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சியின் குஞ்சு கடித்த இடம் அது. அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவான இடத்தையே தேர்ந்தெடுக்கும். தமிழ்நாட்டில் நன்றாகவே உண்டு, மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் அதிகம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை என்ற மலிவான மாத்திரைக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அந்தப் பக்கைப் பூச்சிக்கடி அலர்ஜி என்று விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

மாதவிடாய்க்கு முன்போ, கர்ப்பத்திலோ, பால் கட்டும் நாட்களிலோ இரண்டு அக்குளும் மெத்தென்று உப்புவது பெரும்பாலும் அங்கே தங்கிவிட்ட கூடுதல் மார்பகத் திசு. ஒரு தடவை ஸ்கேன் பார்த்துவிட்டால் நிம்மதி.

கையில் புண்ணும் இல்லை, தோலில் அரிப்பும் இல்லை, நெறி மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் குறையாமல் நிற்கிறது, அல்லது கல் போலக் கெட்டியாக, நகராமல், வலிக்காமல் இருக்கிறது, கழுத்திலும் தட்டுப்படுகிறது, எடை குறைகிறது, இரவில் வியர்த்து நனைகிறது என்றால் காலம் கடத்தக் கூடாது. காசநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, மார்பகப் புற்று மூன்றும் இந்த வாசலில் வரும். வலி இல்லாததைத்தான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வலிக்கும் நெறிதான் பெரும்பாலும் வெறும் தொற்று. ஆண்களுக்கும் மார்பகத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. "ஊசி குத்தினா பரவிடும்" என்று வீட்டில் தடுப்பார்கள். ஊசி குத்திப் பரவியதைவிட, குத்தாமல் தள்ளிப்போட்டுப் பரவியதுதான் அதிகம். ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடிமன் இல்லை, சில நிமிட வேலை. லிம்போமா சந்தேகம் என்றால் ஊசி போதாது, ஒரு நெறியை முழுதாக எடுத்துத்தான் பார்ப்பார்கள்; அதற்குள் ஸ்டெராய்டு மாத்திரை எதையும் ஆரம்பித்திருந்தால் நெறி சுருங்கி முடிவையே குழப்பிவிடும், சொல்லிவிடுங்கள்.